வட்டி பாவமா? வசனம் மாறவில்லை, அர்த்தம் மாறியது!

கிறிஸ்தவ மதத்தைப் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "பைபிளில் இருப்பதெல்லாம் கடவுளின் வார்த்தை என்கிறீர்களே, அப்படியானால் பன்றிக்கறி சாப்பிடுவது எப்படி? ஆட்டு ரோமமும் சணல்நூலும் கலந்து நெய்த துணியை உடுத்தக் கூடாது என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறதே?" இரண்டுமே லேவியராகமத்தில் இருப்பவை (11, 19-ஆம் அதிகாரங்கள்). வசதியான வசனத்தை எடுத்துக்கொண்டு வசதியில்லாததை விட்டுவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

இந்த இரண்டு உதாரணங்களுக்கும் கிறிஸ்தவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. உணவு, உடை, பலி பற்றிய சட்டங்கள் பழைய இஸ்ரவேல் மக்களுக்கு மட்டும் தரப்பட்டவை, இயேசுவுக்குப் பிறகு அவை மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது என்பார்கள். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 10, 15 அதிகாரங்களில் இதற்கு ஆதாரமும் உண்டு. நியாயமான பதில்தான். அந்த விலக்கு பைபிளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் இந்தப் பதிலுக்குள் அடங்காத ஒரு கட்டளை இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் பல இடங்களில் வருகிறது. புதிய ஏற்பாடு அதை ரத்து செய்யவில்லை. சொல்லப்போனால் இயேசுவின் வார்த்தை அதை இன்னும் இறுக்கியது என்றுதான் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். திருச்சபையே ஆயிரம் வருடங்களுக்கு மேல் அதைச் சட்டமாக வைத்திருந்தது. மீறியவனைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கவும் விடவில்லை. இன்றைக்கு அந்தக் கட்டளையை மீறாத கிறிஸ்தவர் அநேகமாக யாரும் இல்லை, சேமிப்புக் கணக்கு வைத்திருந்தாலே போதும்!

அந்தக் கட்டளை: வட்டி வாங்காதே.

பைபிள் என்ன சொல்கிறது?

யாத்திராகமம் 22:25, ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டிக்காரனைப் போல நடந்துகொள்ளாதே என்கிறது. லேவியராகமம் 25:35-37, சகோதரன் நொடித்துப் போனால் அவனைத் தாங்கிப் பிடி, பணத்துக்கும் வட்டி வேண்டாம், தானியத்துக்கும் லாபம் வேண்டாம் என்கிறது. உபாகமம் 23:19-20, சகோதரனிடம் எந்த வட்டியும் வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்கிறது. (இந்த 'அந்நியன்' என்ற ஒரு சொல் பின்னால் எத்தனை பேரின் உயிரைக் குடித்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.) கடவுளின் கூடாரத்தில் தங்கத் தகுதியுள்ளவன் யார் என்று கேட்கும் 15-ஆம் சங்கீதம், வட்டிக்குப் பணம் கொடுக்காதவனை அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் விக்கிரக வழிபாடு, விபச்சாரம், கொள்ளை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வட்டியும் நிற்கிறது. புதிய ஏற்பாட்டில் லூக்கா 6:35, திரும்பி எதையும் எதிர்பார்க்காமல் கடன் கொடுக்கச் சொல்கிறது.

எபிரெய மொழியில் வட்டிக்கு உள்ள ஒரு சொல் 'நேஷெக்'. கடிப்பது என்ற வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'டோகோஸ்', அதற்குக் குட்டி, குழந்தை என்றும் பொருள். நம் ஊரில் "வட்டி குட்டி போடும்" என்று சொல்வதும் கிரேக்கர்கள் சொன்னதும் ஒன்றேதான். பணம் உயிரில்லாத பொருள், அது குட்டி போடுவது இயற்கைக்கு விரோதம் என்று அரிஸ்டாட்டில் வாதாடியது இந்தச் சொல்லை வைத்துத்தான்.

இந்தச் சட்டங்கள் எப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து வந்தன என்று தெரிய வேண்டுமானால் நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். பஞ்சம். ராஜாவுக்குக் கட்ட வேண்டிய வரி. ஜனங்கள் நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்துத் தானியம் வாங்குகிறார்கள். கடைசியில் பிள்ளைகளை அடிமையாக விட வேண்டிய நிலை வருகிறது. கடன் கொடுத்தவர்களும் அதே இனத்துப் பெரிய மனிதர்கள்தான். நெகேமியா சபையைக் கூட்டி அவர்களைக் கண்டித்து, நிலத்தையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். அதாவது கடன் என்றால் அங்கே தொழில் முதலீடு அல்ல, பசி. கடன்காரன் சாப்பாட்டுக்கு வாங்குகிறான்.

இதில் ஒரு இடறலும் உண்டு. மத்தேயு 25-இல் வரும் தாலந்து உவமையில், பணத்தைப் புதைத்து வைத்த வேலைக்காரனை எஜமான் திட்டுகிறான். காசுக்கடைக்காரர்களிடம் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்குமே என்கிறான். இது உவமை, பணத்தைப் பற்றிய உபதேசம் அல்ல என்று பழைய உரைகாரர்கள் கடந்துபோனார்கள். பிற்காலத்தில் வட்டியை ஆதரித்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லா வசனத்தையும் ஒரே எடையில், எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வது இந்த விஷயத்தில் யாராலும் முடியாது. எதை வைத்து எதைப் படிப்பது என்பதை முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த முடிவை எடுத்தவர்கள் யார், அதனால் லாபம் யாருக்கு என்பதில்தான் கதையே இருக்கிறது.

ஆயிரம் வருடத் தடை

கி.பி. 325-இல் நைசீயாவில் கூடிய பொதுச்சங்கம், வட்டி வாங்கும் குருமாரைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. ஆதாரமாகக் காட்டியது அந்த 15-ஆம் சங்கீதத்தைத்தான். ஆரம்பத்தில் குருமாருக்கு மட்டும் இருந்த தடை, போகப் போக எல்லாருக்குமானது. 1179-இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிந்த வட்டிக்காரர்களுக்கு நற்கருணை கிடையாது, கிறிஸ்தவ அடக்கம் கிடையாது, அவர்கள் கொடுக்கும் காணிக்கையையும் வாங்கக் கூடாது என்றது. 1311-12-இல் வியன் சங்கம் உச்சத்துக்கே போனது. வட்டி வாங்குவது பாவமில்லை என்று பிடிவாதமாகச் சொல்பவனையே மதத் துரோகியாகத் தண்டிக்க வேண்டும்.

இதற்குத் தத்துவ அடித்தளம் போட்டவர் தாமஸ் அக்குவினாஸ் (13-ஆம் நூற்றாண்டு). வீட்டை வாடகைக்கு விட்டால் வீடு அப்படியே இருக்கும், பயன்பாட்டை மட்டும் விற்கலாம். ஒயினை அப்படி விற்க முடியாது, குடித்தால் தீர்ந்துவிடும். பணமும் ஒயினைப் போன்றது, செலவழிப்பதுதான் அதன் பயன். அதனால் அசலையும் கேட்டு வட்டியும் கேட்பது ஒரே பொருளை இரண்டு தடவை விற்பதற்குச் சமம் என்பது அவர் வாதம். இன்றைக்குப் பொருளாதாரம் படிப்பவருக்கு 'காலத்தின் மதிப்பு எங்கே?' என்று உடனே தோன்றும். அதற்கும் அந்தக் காலத்தில் பதில் இருந்தது: காலம் கடவுளுடையது, அதை விற்க நீ யார்?

தாந்தே தன் காவியத்தில் வட்டிக்காரர்களை நரகத்தின் எரியும் மணலில் உட்கார வைத்தார், கழுத்தில் குடும்பச் சின்னம் போட்ட பணப்பையோடு. அதில் ஒருவர் பதுவா நகரத்தின் ஸ்க்ரோவெய்னி குடும்பத்துக்காரர். அந்த வட்டிக்காரரின் மகன் கட்டிய தேவாலயத்தில்தான் ஜியோட்டோவின் உலகப் புகழ்பெற்ற சுவரோவியங்கள் இருக்கின்றன, 1305 வாக்கில் வரையப்பட்டவை. அப்பா சேர்த்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

அந்நியன் யார்?

உபாகமத்தின் 'அந்நியனிடம் வாங்கலாம்' என்ற விலக்கு ஐரோப்பாவில் எப்படி வேலை செய்தது என்பது இந்தக் கதையின் மிக அசிங்கமான பகுதி. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ், அந்நியன் என்றால் எதிரி, யாரோடு போர் செய்வது நியாயமோ அவனிடம் மட்டுமே வட்டியும் நியாயம் என்று விளக்கினார். கிறிஸ்தவனுக்கு எல்லா மனிதனும் சகோதரன்தான், ஆகவே அந்த விலக்கு இப்போது செல்லாது என்றார் அக்குவினாஸ். கேட்க அழகாக இருக்கிறது. யூதர்களின் பார்வையிலோ கிறிஸ்தவன் அந்நியன்தான். ஆக, கிறிஸ்தவர்களுக்கு யூதர்கள் வட்டிக்குக் கொடுக்க அவர்களுடைய சட்டத்தில் இடம் இருந்தது. நிலம் வைத்திருப்பதிலும் கைத்தொழில் சங்கங்களில் சேர்வதிலும் பல ஊர்களில் அவர்களுக்குத் தடை. மன்னர்களுக்கோ வரி பிடுங்க வசதியான ஒரு கூட்டம் தேவைப்பட்டது. யூதர்கள் எல்லாரும் வட்டிக்காரர்கள் அல்ல, வட்டிக்காரர்கள் எல்லாரும் யூதர்களும் அல்ல (இத்தாலியின் லொம்பார்டு வியாபாரிகள் பெரிய அளவில் செய்தார்கள்). ஆனால் கெட்ட பெயர் ஒரு பக்கம்தான் போய் ஒட்டியது.

1190 மார்ச் மாதம் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ஒரு கும்பல் யூதர்களைத் துரத்தியது. சுமார் 150 பேர் கோட்டைக் கோபுரத்தில் தஞ்சம் புகுந்தார்கள். பலர் பிடிபடுவதைவிடத் தங்கள் கையாலேயே சாவது மேல் என்று முடிவெடுத்தார்கள், மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு கும்பல் நேராக எங்கே போனது தெரியுமா? யார்க் பேராலயத்துக்கு. அங்கே பத்திரமாக வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து, கோயிலுக்குள்ளேயே போட்டுக் கொளுத்தியது. மதவெறியில் நடந்தது என்று சொல்லும்போது அந்தக் கடன் பத்திரங்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1275-இல் இங்கிலாந்து யூதர்களுக்கும் வட்டியைத் தடை செய்தது, 1290-இல் அவர்களை நாட்டைவிட்டே துரத்தியது.

வசனத்தைத் தொடாமல் வழி கண்டுபிடித்தவர்கள்

இதற்கிடையே ஐரோப்பாவில் வியாபாரம் வளர்ந்துகொண்டிருந்தது. கடன் வாங்குபவன் இப்போது பசித்தவன் மட்டும் அல்ல. கம்பளி வாங்கி விற்பவன், கப்பல் அனுப்புபவன், போர் நடத்தும் அரசன், ஏன், போப்பாண்டவரே கடன் வாங்கினார்! வசனத்தை நீக்க முடியாது. கடன் இல்லாமல் இருக்கவும் முடியாது. அப்போது என்ன செய்வது? 'வட்டி' என்ற சொல்லின் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவது. திருச்சபைச் சட்ட அறிஞர்கள் இதை இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பொறுமையாகச் செய்தார்கள்.

கடன்காரன் தவணை தப்பினால் அபராதம் வாங்கலாம், அது வட்டி அல்ல. கடன் கொடுத்ததால் எனக்கு நஷ்டம் வந்தால் அதை ஈடு கேட்கலாம், அதுவும் வட்டி அல்ல. இந்தப் பணத்தை வேறு தொழிலில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் லாபம் போயிற்றே, அதைக் கேட்கலாமா? பலர் தயங்கினார்கள், பிறகு சம்மதித்தார்கள். (வணிகவியல் மாணவர்களுக்கு இது 'வாய்ப்புச் செலவு' என்று வேறு பெயரில் பழக்கம்.) இப்படி ஈடாக வாங்கும் தொகைக்கு லத்தீனில் வைத்த பெயர் 'இன்டெரெஸ்ஸே'. இரண்டு நிலைமைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் என்று பொருள். பாவமான வட்டிக்குப் பெயர் 'உசூரா'. இன்றைக்கு பாங்க் பாஸ்புக்கில் 'இன்ட்ரெஸ்ட்' என்று வரும் சொல், வட்டி அல்ல என்று சாதிப்பதற்காகப் பிறந்த சொல் என்பது வேடிக்கை!

மெடிச்சி குடும்பம் 1397-இல் ஃபுளோரன்ஸில் தொடங்கிய வங்கி இதைவிடச் சாமர்த்தியமான வழியில் நடந்தது. அதுதான் மாற்றுச்சீட்டு, அதாவது பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச். ஒரு உதாரணம் பார்க்கலாம். ஃபுளோரன்ஸில் ஒரு வியாபாரிக்கு 1000 ஃபுளோரின் தேவை. வங்கி கொடுக்கிறது. அவர் 3 மாதம் கழித்து லண்டனில் ஸ்டெர்லிங்கில் திருப்பித் தருவதாகச் சீட்டு எழுதுகிறார். லண்டனில் வந்த ஸ்டெர்லிங்கை வங்கியின் ஆள் அங்கே இன்னொருவரிடம் கொடுத்து, 3 மாதம் கழித்து ஃபுளோரன்ஸில் ஃபுளோரினாக வாங்கும்படி இன்னொரு சீட்டு வாங்குவார். 6 மாதம் கழித்துக் கைக்கு வருவது 1070 ஃபுளோரின் என்று வைத்துக்கொள்வோம். 70 எங்கிருந்து வந்தது? மாற்று விகிதத்திலிருந்து. ஒவ்வொரு நாணயத்துக்கும் அதன் சொந்த ஊரில் விலை சற்றுக் கூடுதலாக இருக்கும்படியே சந்தை நடந்ததால், பணம் போட்டவனுக்குப் பெரும்பாலும் லாபம்தான். இது கடன் அல்ல, நாணய மாற்று, விகிதம் மாறினால் நஷ்டமும் வரலாம் என்று இறையியலாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். வட்டி எங்கேயும் எழுதப்படவில்லை. விகிதத்துக்குள் ஒளிந்திருந்தது.

வங்கியில் பணம் போட்ட கர்தினால்மார்களுக்கும் வழி இருந்தது. அவர்களுக்கு வட்டி தருவதாக ஒப்பந்தம் கிடையாது. வங்கி தன் 'விருப்பப்படி' வருடா வருடம் ஒரு அன்பளிப்பு தரும், அவ்வளவுதான்! இத்தனைக்கும் பிறகு மனசாட்சி முழுக்க அடங்கிவிடவில்லை. கோசிமோ மெடிச்சிக்குத் தன் சொத்து வந்த வழி பற்றி உறுத்தல் இருந்ததாகவும், போப் நான்காம் யூஜீனிடம் கேட்டபோது சான் மார்கோ மடத்துக்கு 10,000 ஃபுளோரின் செலவழிக்கச் சொன்னதாகவும் அவரை நன்கு அறிந்த புத்தக வியாபாரி வெஸ்பாசியானோ எழுதி வைத்திருக்கிறார். கோசிமோ அதைவிட அதிகமாகவே செலவழித்தார். இந்த மனிதர்களை வெறும் போலிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. நரகம் உண்டு என்று உண்மையாகவே நம்பியவர்கள் அவர்கள்.

ஏழைகளுக்கு மாற்றுச்சீட்டு கிடைக்குமா? அவர்களுக்காக பிரான்சிஸ்கன் துறவிகள் 1462-இல் பெருஜியாவில் ஒரு பொது அடகுக் கடை திறந்தார்கள். நிர்வாகச் செலவுக்கு மட்டும் சிறிய வட்டி. இதையும் பாவம் என்று டொமினிக்கன் துறவிகள் எதிர்த்தார்கள், சண்டை அரை நூற்றாண்டு நீடித்தது. (இந்த அடகுக் கடைகளுக்காகப் பிரசாரம் செய்தவர்களில் சிலர் யூதர்களுக்கு எதிராக வெறுப்பையும் சேர்த்தே பரப்பினார்கள் என்பதை மறைக்கக் கூடாது.) 1515-இல் போப் பத்தாம் லியோ, செலவுக்கான அந்தச் சிறு தொகை வட்டி ஆகாது என்று தீர்ப்பளித்தார். பத்தாம் லியோ யார்? மெடிச்சி வங்கிக் குடும்பத்துப் பிள்ளை!

லூதரும் கால்வினும்

அதே 1515-இல் யோஹான் எக் என்ற ஜெர்மன் இறையியலாளர், 5 சதவீத லாபம் உறுதி செய்யும் ஒப்பந்தம் பாவமில்லை என்று பொலோனியா பல்கலைக்கழகத்தில் வாதிட்டார். பின்னணியில் ஆதரவாக நின்றவர் அந்தக் காலத்தின் பெரும் பணக்காரர் யாகோப் ஃபூகர். இதே ஃபூகரிடம் மைன்ஸ் பேராயர் வாங்கிய கடனை அடைக்கத்தான் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை நடந்தது, வசூலில் பாதி கடனுக்குப் போனது. அதைப் பார்த்துக் கொதித்துத்தான் 1517-இல் மார்ட்டின் லூதர் தன் 95 வாதங்களை எழுதினார். சீர்திருத்த இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு கடன் கணக்கு கிடக்கிறது.

வேதம் மட்டுமே அதிகாரம் என்று சொன்ன லூதர், வட்டி விஷயத்தில் போப்பை விடக் கடுமையாக எழுதினார் (1524-இல் வியாபாரம், வட்டி பற்றிய நூல்). ஆனால் ஐசனாக் ஊரில் யாகோப் ஸ்ட்ராவுஸ் என்ற போதகர், வட்டி கட்டுவதும் பாவம், கட்டாதீர்கள் என்று பிரசங்கித்தபோது லூதர் அதை ஏற்கவில்லை. 1525-இல், விவசாயிகளின் கிளர்ச்சி நடந்த வருடம், மோசேயின் சட்டம் யூதர்களுக்குக் கொடுக்கப்பட்டது, அது நம்மைக் கட்டாது, ஒரு வசனம் கடவுளின் வார்த்தையா என்று மட்டும் கேட்டால் போதாது, அது யாருக்குச் சொல்லப்பட்டது என்றும் கேட்க வேண்டும் என்று போதித்தார். தேர்ந்தெடுத்துப் படிப்பதற்கு இதைவிடத் தெளிவான விதி கிடைக்காது. அதைச் சொன்னவர் வேதமே எல்லாம் என்றவர்.

முழுத் திருப்பம் ஜான் கால்வினிடம் வந்தது. 1545-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒவ்வொரு வசனமாக எடுத்துப் பிரித்தார். லூக்கா 6:35 ஏழைகளுக்கு உதவுவதைப் பற்றியது, எல்லாக் கடனையும் பற்றியது அல்ல. உபாகமத்தின் சட்டம் அந்த நாட்டு அரசியல் சட்டம். பணம் குட்டி போடாது என்கிறீர்கள், வீட்டுக் கூரையும் சுவரும் மட்டும் குட்டி போடுகின்றனவா? வாடகை வாங்குகிறோமே! பணத்தை வாங்கி நிலம் வாங்கினால் அது விளைகிறதே!

அதோடு கால்வின் நிறுத்தவில்லை. ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது. வட்டி வாங்குவதையே தொழிலாக வைத்துக்கொள்ளக் கூடாது. கடன் வாங்கியவனுக்கும் கொடுத்தவனுக்குச் சமமான லாபமாவது இருக்க வேண்டும். இப்படி நிபந்தனைகள் அடுக்கினார். முழுக்கத் தடுத்தால் கடவுளைவிடக் கடுமையாகக் கட்டுகிறோம், கொஞ்சம் அனுமதித்தால் மொத்தமாக அவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள் என்ற பயமும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

பயந்தபடியே நடந்தது. அனுமதியை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். நிபந்தனைகள்?

இங்கிலாந்தின் சட்டங்களைப் பார்த்தால் இந்த மனப் போராட்டம் அப்படியே தெரிகிறது. 1545-இல் எட்டாம் ஹென்றி 10 சதவீதம் வரை அனுமதித்தார். 1552-இல் கடவுளின் வார்த்தைக்கு விரோதம் என்று சொல்லி முழுத் தடை. 1571-இல் மறுபடி 10 சதவீதம் வரை கண்டுகொள்ளாமல் விடும் சட்டம், ஆனால் முன்னுரையில் வட்டி எல்லாமே பாவம் என்ற வாசகம்! 1624-இல் உச்சவரம்பை 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: மதப்படியோ மனசாட்சிப்படியோ வட்டி சரி என்று இந்தச் சட்டத்துக்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. 70 வருடம் கழித்து 1694-இல் இங்கிலாந்து வங்கி பிறந்தது, அரசாங்கத்துக்கு 12 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து. வட்டி அதே 8 சதவீதம். 1854-இல் வட்டிச் சட்டங்கள் எல்லாம் ரத்தாயின.

கத்தோலிக்கத் திருச்சபை இன்னும் மெதுவாக நகர்ந்தது. 1745-இல்கூட போப் பதினான்காம் பெனடிக்ட் கடனுக்கு வட்டி பாவம்தான் என்று சுற்றுமடல் எழுதினார், வேறு காரணங்களுக்காகக் கூடுதல் தொகை வாங்கலாம் என்ற பழைய விலக்குகளோடு. 1830-இல் ரோமிலிருந்து ஒரு பதில் வந்தது: நாட்டின் சட்டம் அனுமதிக்கும் வட்டி வாங்குபவர்களைப் பாவசங்கீர்த்தனத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம். பழைய போதனை தவறு என்று எங்கும் சொல்லப்படவில்லை. கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

அதே அதிகாரம், ஏழு வசனம் தள்ளி

இதுவரை படித்தவருக்கு, பணக்காரர்களுக்காக வசனத்தை வளைத்துவிட்டார்கள், எழுத்துப்படியே நின்றிருக்க வேண்டும் என்று தோன்றலாம். வட்டியைத் தடுக்கும் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே படித்தால் அந்த எண்ணம் ஆடிப்போகும். 37-ஆம் வசனத்தோடு வட்டி முடிகிறது. 44 முதல் 46 வரை, சுற்றியுள்ள இனத்தாரிலிருந்து அடிமைகளை விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லலாம் என்றிருக்கிறது.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இந்த வசனத்தை எழுத்துப்படியே படித்தார்கள். தென் கரோலினாவின் பாப்டிஸ்ட் தலைவர் ரிச்சர்ட் ஃபர்மன் 1822-இல் ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பத்தில் அடிமைமுறைக்கு வேத ஆதாரமாக லேவியராகமத்தையும் காட்டினார். அடிமை முதலாளிகளை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் 1845-இல் தெற்கு பாப்டிஸ்ட் சபை தனியாகப் பிரிந்தது. (150 வருடம் கழித்து 1995-இல் அது மன்னிப்புக் கேட்டது.) அடிமைமுறையை எதிர்த்தவர்களுக்கு இந்த வசனம் பெரிய தலைவலி. அவர்கள் வேதத்தின் சாரம், அன்பின் கட்டளை என்று பேச வேண்டியிருந்தது. கூடவே, தப்பி ஓடிவந்த அடிமையை எஜமானிடம் திருப்பிக் கொடுக்காதே என்ற உபாகமம் 23:15-ஐப் பிடித்துக்கொண்டார்கள். அது இருப்பது வட்டித் தடைக்கு நான்கு வசனம் மேலே, அதே அதிகாரத்தில்! லேவியராகமம் 25-இன் 10-ஆம் வசனம், தேசமெங்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்வது, பிலடெல்பியாவின் மணியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த மணிக்கு 'விடுதலை மணி' என்ற பெயரைப் பிரபலமாக்கியவர்கள் 1830-களின் அடிமை ஒழிப்பாளர்கள். 10-ஆம் வசனம் ஒரு கூட்டத்துக்கு, 44-ஆம் வசனம் இன்னொரு கூட்டத்துக்கு. இந்த இடத்தில் எழுத்துப்படி படித்தவர்கள் சவுக்கின் பக்கம் நின்றார்கள், தேர்ந்தெடுத்துப் படித்தவர்கள் மனிதனின் பக்கம் நின்றார்கள்.

44-ஆம் வசனத்தை எழுத்துப்படி படித்த தெற்கு, 36, 37-ஐ அப்படிப் படித்ததா? லூசியானாவில் தோட்ட முதலாளிகள் அடிமைகளையே பிணையமாக வைத்து வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி 2005-இல் வெளியிட்ட தகவலின்படி, பிற்காலத்தில் அதோடு இணைந்த இரண்டு லூசியானா வங்கிகள் 1831-க்கும் 1865-க்கும் இடையே சுமார் 13,000 அடிமைகளைப் பிணையமாக ஏற்றிருக்கின்றன. கடன் திரும்பாதபோது சுமார் 1,250 பேர் அந்த வங்கிகளின் சொத்தாகவே ஆனார்கள். நெகேமியா 5-இல் கடனுக்காகத் தங்கள் பிள்ளைகள் அடிமையாகப் போவதைக் கண்டு ஜனங்கள் அழுதார்கள். இங்கே அடுத்தவர் பிள்ளைகள் அடமானச் சொத்து.

கால்வின் போட்ட நிபந்தனைகள் எங்கே போயின என்று கேட்டவர்களும் இல்லாமல் இல்லை. அப்போதைய கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி எண்ணெய் கம்பெனியில் நிதி அதிகாரியாக இருந்துவிட்டுப் போதகரானவர். சம்பளத் தேதி வரை ஓட்டுவதற்குக் கைமாற்றுக் கடன் கொடுத்துவந்த வொங்கா என்ற கம்பெனியை, சபை வளாகங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை வளர்த்துப் போட்டி போட்டே மூட வைக்கப்போவதாக 2013 ஜூலையில் சொன்னார். வொங்கா விளம்பரத்தில் போட்டிருந்த வருட வட்டி விகிதம் 5,853 சதவீதம். மறுநாளே பத்திரிகைகளில் வேறு செய்தி வந்தது. இங்கிலாந்து திருச்சபையின் முதலீட்டு நிதி, இன்னொரு நிதியின் வழியாக, வொங்காவிலேயே கொஞ்சம் பணம் போட்டிருந்தது. பேராயர் சங்கடப்பட்டு ஒப்புக்கொண்டார். அந்தப் பங்கை விற்றுக் கைகழுவத் திருச்சபைக்கு ஒரு வருடம் பிடித்தது. வொங்கா 2018 ஆகஸ்டில் திவாலானது.